துப்பாக்கி யார் வீட்டுப் பரணில் இருக்கிறது?



தேர்தல் தேதி அறிவித்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வரும். உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள் என்று. வங்கிக் காவலாளி மாதிரி சிலருக்கு விலக்கு உண்டு. மற்றபடி பண்ணையார், ரைஸ்மில் முதலாளி, மாந்தோப்புக்காரர், முன்னாள் மந்திரியின் மச்சான் எல்லோரும் துணியில் சுற்றி, காரில் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வருகிறார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்பப் போய் வாங்கிக்கொள்கிறார்கள். இதற்காக எந்த ஊரிலும் கலவரம் வந்ததில்லை. என் உயிருக்கு யார் பொறுப்பு என்று எந்தப் பண்ணையாரும் உண்ணாவிரதம் உட்கார்ந்ததில்லை. அந்தத் துப்பாக்கி இல்லாத நாட்களிலும் அவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

ஆக, அரசு நினைத்தால் முடியும். ஒரு சுற்றறிக்கை போதும். ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பது அரசுக்குத் தெரிகிறது. சேரிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது மட்டும் ஏன் தெரிய மாட்டேன் என்கிறது?

தெரியாது என்றும் சொல்ல முடியாது. எழுதியே வைத்திருக்கிறார்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995 மார்ச் 31 அன்று விதிகள் வந்தன. அதில் மூன்றாவது விதியை நம் தோழர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நிவாரணத் தொகை எவ்வளவு என்கிற அட்டவணையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். செத்த பிறகு கிடைப்பது அது. சாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது விதியில் இருக்கிறது.

வன்கொடுமை நடக்கும் என்று அஞ்சத்தக்க பகுதிகளை மாநில அரசு முன்கூட்டியே கண்டறிய வேண்டும். அந்தப் பகுதியில் தலித்துகளும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் வைக்கச் செய்யலாம். உரிமம் வைத்திருக்கிறவனுடைய உரிமம் மட்டும் அல்ல. அவனுடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர் உரிமம்கூட. இதை எழுதிய அதிகாரி யாரோ, ஊர் நடப்பு தெரிஞ்ச மனுசன். ஆண்டை தன் பேரில் ஒரு துப்பாக்கியும் கணக்குப்பிள்ளை பேரில் ஒரு துப்பாக்கியும் வைத்திருப்பான் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். அதோடு, சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவும் அவற்றைத் தயாரிப்பதைத் தடுக்கவும் வேண்டும். தலித்துகளின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக அவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கவும் செய்யலாம்.

இவ்வளவும் இருக்கிறது. உரிமத்தை ரத்து செய்வதற்கும் நமக்கு உரிமம் கொடுப்பதற்கும் முன்னால் ஒரு சின்னச் சொற்றொடரும் இருக்கிறது: 'தேவையெனக் கருதினால்'.

யார் கருதுவது? கலெக்டர் கருத வேண்டும், எஸ்.பி. கருத வேண்டும், தலைமைச் செயலகத்தில் ஒரு செயலாளர் கருத வேண்டும். அவர்கள் கருதுவதற்குள் நம் சனங்கள் எரிந்து முடிந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வார்த்தை எத்தனை உயிரைத் தின்றது என்று பார்க்க பீகாருக்குத்தான் போக வேண்டும். நிலமும் சாதியும் துப்பாக்கியும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த மண் அளவுக்கு வேறெந்த மண்ணும் காட்டியதில்லை.

1994இல் போஜ்பூர் மாவட்டம் பெலாவூர் கிராமத்தில் ரண்வீர் சேனா தொடங்கப்பட்டது. பூமிகார் நிலவுடைமையாளர்களின் தனியார் படை. அதற்கு முன்பும் அங்கே படைகள் இருந்தன. பூமி சேனா, லோரிக் சேனா, பிரம்மர்ஷி சேனா, சன்லைட் சேனா என்று சாதிக்கொரு படை. சன்லைட் என்றதும் நமக்குச் சோப்புதான் ஞாபகம் வரும். அங்கே அது துப்பாக்கி. 1995 மார்ச்சில் விதி வந்தது. ஜூலையில் பீகார் அரசு ரண்வீர் சேனாவைத் தடை செய்தது. தடை செய்தது என்றால் என்ன அர்த்தம்? பெயரைத் தடை செய்தார்கள். துப்பாக்கிகளை அல்ல.

1996 ஜூலை 11. போஜ்பூர் மாவட்டம் பதானி டோலா. இரவில் ஒளிந்து வந்து அல்ல, பட்டப்பகலில் வந்தார்கள். தலித்துகளும் முஸ்லிம்களுமாக 21 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் போலீஸ் முகாம் இருந்தது. முகாமில் இருந்தவர்கள் காதில் பஞ்சு வைத்திருந்தார்களா? சத்தம் கேட்டது. கருதவில்லை, அவ்வளவுதான்.

1997 டிசம்பர் 1. லட்சுமண்பூர் பாத்தே. சோன் ஆற்றங்கரை. அக்கரை போஜ்பூரிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து வந்தார்கள். 58 பேர். அதில் 27 பெண்கள், 16 குழந்தைகள். படகு ஓட்டிய மல்லா சாதி மீனவர்களையும் சாட்சி இருக்கக் கூடாதென்று கொன்றார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் அதை நாட்டுக்கே அவமானம் என்றார். அவர் சொன்னதில் அரசியல் இல்லை. அந்த மாளிகையில் இருந்த ஒரே ஒருவருக்காவது அது சொந்தச் சாவாக இருந்தது.

1999 ஜனவரி 25 இரவு, விடிந்தால் குடியரசு தினம். சங்கர் பிகாவில் 20க்கும் மேற்பட்ட தலித்துகள். இரண்டே வாரம் கழித்து, பிப்ரவரி 10இல் பக்கத்தில் நாராயண்பூர். 'வன்கொடுமை மறுபடி நடக்கும் என அஞ்சத்தக்க பகுதி' என்று விதி சொல்கிறதே, அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டுமா? முதல் கொலைக்கும் இரண்டாம் கொலைக்கும் நடுவே 16 நாள் இருந்தது. தேர்தல் என்றால் அதே 16 நாளில் மாவட்டம் முழுக்கத் துப்பாக்கியைப் பொறுக்கியிருப்பார்கள்.

அந்தச் சனங்கள் என்ன குற்றம் செய்தார்கள்? கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். நிலச்சுவான்தாரின் கையில் இருந்த பொது நிலத்தையும் உச்சவரம்பு நிலத்தையும் கேட்டார்கள். ஓட்டைத் தாங்களே போடுவோம் என்றார்கள். போஜ்பூரில் இந்தக் கதை 1967 தேர்தலில் தொடங்குகிறது. எக்வாரி கிராமத்தில் ஓட்டுரிமைக்காக நின்ற பள்ளி ஆசிரியர் ஜகதீஷ் மாதோவை ஆதிக்கச் சாதியினர் அடித்துப் போட்டார்கள். அவர் எழுந்து வந்து ஆரா நகரத்தில் 'ஹரிஜனிஸ்தான்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். பிறகு ஆயுதம் எடுத்தார், 1972இல் கொல்லப்பட்டார். அந்த மாவட்டத்து விவசாயக் கூலிகள் கேட்டதில் முதல் இடத்தில் இருந்தது நிலம்கூட அல்ல. 'இஜ்ஜத்' என்றார்கள். மானம். ஆண்டைக்கு எதிரே கயிற்றுக் கட்டிலில் உட்காருகிற மானம். வீட்டுப் பெண்கள் வயலுக்குப் போய்த் திரும்பி வருகிற மானம்.

அந்த மண்ணில் பழிக்குப் பழியும் நடந்தது. 1992 பிப்ரவரியில் கயா மாவட்டம் பாராவில் 30க்கும் மேற்பட்ட பூமிகார்களை மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையம் கொன்றது. 1999 மார்ச்சில் சேனாரியில் 34 பேர். வரிசையில் நிற்க வைத்துக் கழுத்தறுக்கப்பட்டவன் எந்தச் சாதியானாலும் அவனும் ஒரு தாய் பெற்றவன். நாம் அதைக் கொண்டாடுகிறவர்கள் இல்லை. ஆனால் சட்டம் இந்த இரண்டு ரத்தத்தையும் எப்படி அளந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

பாரா வழக்கு தடா சட்டத்தில் நடந்தது. ஏழைகள், அவர்களில் தலித்துகள், தூக்குத் தண்டனை பெற்றார்கள். 2002இல் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. குடியரசுத் தலைவர் 2017 ஜனவரியில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கும் வரைக்கும் அவர்கள் கயிற்றை நினைத்துக்கொண்டே தூங்கி எழுந்தார்கள். பதானி டோலா வழக்கு? கீழ்க்கோர்ட் தீர்ப்பு வர 2010 ஆயிற்று. 23 பேருக்குத் தண்டனை. 2012 ஏப்ரலில் பாட்னா உயர் நீதிமன்றம் 23 பேரையும் விடுவித்தது. பாத்தே வழக்கில் 2010இல் 26 பேருக்குத் தண்டனை, அதில் 16 பேருக்குத் தூக்கு. 2013 அக்டோபரில் 26 பேரும் விடுதலை. சங்கர் பிகா வழக்கில் 2015 ஜனவரியில் 24 பேரும் விடுதலை, சாட்சிகள் எல்லாம் பிறழ்ந்து போனார்கள். போகாமல்? கொலை நடந்தது 1999இல். சாட்சி சொன்னவன் அதே ஊரில், அதே ஆண்டை வயலில், அதே துப்பாக்கிக்கு எதிரே 16 வருசம் குடியிருக்க வேண்டும். அவன் பிறழவில்லை. உயிர் பிழைத்தான். பாதானி டோலா, பாத்தே மேல்முறையீடுகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

நமக்கு இது புதுசா? 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் என்ன நடந்தது? முதலில் துப்பாக்கிதான் சுட்டது. நெல் உற்பத்தியாளர் சங்கத்து மிராசுதார்களின் துப்பாக்கி. குண்டுக்குப் பயந்துதான் பெண்களும் குழந்தைகளும் அந்த ஒற்றைக் குடிசைக்குள் ஓடி ஒளிந்தார்கள். குடிசையைப் பூட்டிக் கொளுத்தியதில் 44 பேர் கரிந்தார்கள். எல்லோரும் நெருப்பை நினைவு வைத்திருக்கிறோம். அவர்களை அந்தக் குடிசைக்குள் விரட்டிய துப்பாக்கியை மறந்துவிட்டோம். 1970களில் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. நிலபுலனும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் கொளுத்தியிருப்பார்கள் என்று நம்ப நீதிமன்றத்துக்குக் கஷ்டமாக இருந்ததாம். வெண்மணிக்கும் பாட்னாவுக்கும் எத்தனை காதம்? நம்ப முடியாமல் போகிற காரணம் மட்டும் ஒரே காரணம்.

பீகாரில் துப்பாக்கியைக் குறைக்கவே முடியாது, அது அந்த ஊர் ரத்தத்தில் ஊறியது என்று மெத்தப் படித்தவர்கள் சொல்வார்கள். பொய். முடியும் என்று பீகாரே காட்டியது. 2005 நவம்பரில் நிதிஷ்குமார் ஆட்சிக்கு வந்தார். 2006 தொடக்கத்திலிருந்து ஆயுதச் சட்ட வழக்குகளை விரைவு விசாரணைக்கு எடுத்தார்கள். யோசனை ரொம்ப எளிமையானது. கொலை வழக்கில் சாட்சி மிரட்டப்படுவான், பிறழ்வான். ஆனால் சட்டவிரோதத் துப்பாக்கியோடு ஒருவனைப் பிடித்தால் பிடித்த போலீசே சாட்சி. பிறழ முடியாது. மாதக்கணக்கில் தீர்ப்பு வந்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போனார்கள். பாட்னா தெருக்களில் துப்பாக்கியைக் காட்டிக்கொண்டு ஜீப்பில் சுற்றுவது அடங்கியது. ஆள் கடத்தல் குறைந்தது. மாலையில் கடைகள் திறந்திருந்தன. இதை நாம் மறுக்க வேண்டியதில்லை. நல்ல காரியம்.

அதே 2006. அதே அரசு. பாத்தே படுகொலைக்குப் பிறகு, ரண்வீர் சேனாவுக்கும் அரசியல்வாதிகளுக்கும் என்ன உறவு என்று விசாரிக்க நீதிபதி அமீர் தாஸ் தலைமையில் ஒரு கமிஷன் போடப்பட்டிருந்தது. இறுதி அறிக்கை தரும் முன்பே அந்தக் கமிஷனைக் கலைத்தார்கள். தெருவில் திரிந்த துப்பாக்கியைப் பறித்த கையே, அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் நின்ற பெயர்களை மூடி வைத்தது. வியாபாரி பாதுகாப்பாக வீடு திரும்ப வேண்டும், முதலீடு வர வேண்டும். சரி. கூலிக்காரி பாதுகாப்பாக வீடு திரும்பினால் என்ன வரும்? கூலி உயர்வுக் கோரிக்கை வரும்.

கமிஷன் என்றதும் இன்னொன்று. அதே 2006இல் பந்தோபாத்யாய தலைமையில் நிலச் சீர்திருத்தக் கமிஷனும் அமைத்தார்கள். 2008இல் அறிக்கை வந்தது. குத்தகை உழவனுக்குச் சட்டப் பாதுகாப்பு, 15 ஏக்கர் உச்சவரம்பு, வீடில்லாத கிராமத்து ஏழைக்கு 10 சென்ட் மனை என்று சொன்னார்கள். நிலவுடைமைச் சாதிகள் கொதித்தன. அறிக்கை அலமாரிக்குப் போனது. பத்து சென்ட்! சொந்த மனை இருக்கிறவன்தான் நெஞ்சை நிமிர்த்திச் சாட்சி சொல்வான். ஆண்டையின் மண்ணில் குடிசை போட்டிருக்கிறவன் எப்படிச் சொல்வான்? பாதுகாப்பு என்பதற்குப் போலீஸ் ஜீப் என்று மட்டும் அர்த்தம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இது புரியாது. அல்லது நன்றாகவே புரியும்.

2001இல் ஐ.நா. சபை சிறு ஆயுதங்களின் சட்டவிரோத வியாபாரத்தைத் தடுக்க ஒரு செயல்திட்டம் போட்டது. வளரும் நாடுகளில் ஆயுத வன்முறையைக் குறைத்துச் சமூகப் பாதுகாப்பை மேம்படுத்துவது பற்றிக் கருத்தரங்குகள் நடக்கின்றன. ஏசி அறையில் துப்பாக்கிகளை எண்ணுகிறார்கள். சாதியை எண்ணத் தெரியவில்லை. நம் நாட்டில் முக்கால்வாசி ஆபத்து சட்டவிரோதத் துப்பாக்கியில் மட்டும் இல்லை, சட்டப்படியான துப்பாக்கியிலும் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கொடுப்பவர் மாவட்ட நிர்வாகத்தார். மனு போலீஸ் ஸ்டேசனுக்கு விசாரணைக்குப் போகும். ஸ்டேசனில் யாருக்கு நாற்காலி போடுவார்கள், யாரை வாசலில் குந்த வைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு உரிமம். 2019இல் சட்டத்தைத் திருத்தி ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாக்கினார்கள். முதலில் ஒன்று என்றுதான் மசோதா வந்தது. பரம்பரைத் துப்பாக்கி, குலப் பெருமை என்று கூச்சல் கிளம்பியதும் இரண்டாயிற்று. யாருடைய பரம்பரை? யாருடைய குலம்?

சட்டவிரோதத் துப்பாக்கிக்கும் பீகாரிலேயே ஊர் இருக்கிறது. முங்கேர். 1760களில் மீர் காசிம் அங்கே தலைநகரை மாற்றித் துப்பாக்கிப் பட்டறை வைத்த காலத்திலிருந்து அது துப்பாக்கிக் கொல்லர்களின் ஊர். இன்றும் போலீஸ் அங்கே போய்ப் பட்டறையை உடைக்கிறது, கொல்லனைப் பிடித்துக்கொண்டு போகிறது. படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறது. வாங்கினவன் படம் என்றைக்காவது வந்திருக்கிறதா?

ஆயுதம் தேடுவது என்றால் நம் போலீசுக்குத் தெரிந்தது ஒரே திசை. 1995 ஆகஸ்ட் 31. கொடியங்குளம். நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். குற்றவாளிகளையும் ஆயுதங்களையும் தேடுகிறோம் என்றார்கள். தேடினது எப்படி? டிவியை உடைத்து, தையல் மிஷினை உடைத்து, தானியத்தைக் கொட்டி, கிணற்றில் விசம் கலந்து. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் நிமிர்ந்து நின்ற ஒரு தலித் கிராமத்தின் நிமிர்வுதான் அவர்கள் கண்ணுக்கு ஆயுதமாகத் தெரிந்தது. மூன்றாவது விதி வந்து அப்போது ஐந்தே மாதம். விதி ஆதிக்கச் சாதியிடமிருந்து ஆயுதத்தை எடு என்றது. எடுக்கப் போனது சேரியில்.

நம் மாவட்டங்களில் துப்பாக்கியைவிட அரிவாளும் நாட்டு வெடிகுண்டும்தான் அதிகம், அதற்கேது உரிமம் என்று சில தோழர்கள் கேட்பார்கள். உண்மைதான். 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் பேருந்தை மறித்து வெட்டியது அரிவாள்தான். ஆனால் விதியின் முதல் வரி துப்பாக்கியைப் பற்றியது அல்ல, ஆபத்துள்ள பகுதியைக் கண்டறிவது பற்றியது. மேலவளவு ஆபத்தான ஊர் என்பது ரகசியமா? தனித்தொகுதி ஆனதிலிருந்து தேர்தலே நடத்த முடியாமல் தள்ளிப்போன ஊர். வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர். அன்றைக்கு முருகேசன் வந்துகொண்டிருந்ததே மதுரை கலெக்டர் ஆபீசிலிருந்துதான். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழக அரசு முன்விடுதலை செய்தது. சாட்சி சொன்னவர்கள் இன்னும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் நமக்கும் துப்பாக்கி கொடு என்று கேட்போமா? விதியிலேயே இருக்கிறதே. நம் இளைஞர்கள் கேட்கிறார்கள், கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான்கு வர்ணம் கீழே இருப்பவனிடமிருந்து ஆயுதத்தையும் படிப்பையும் சேர்த்துப் பறித்தது, அதனால்தான் இந்த மண்ணில் சமூகப் புரட்சி நடக்காமல் போனது என்று அண்ணல் 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். ஆனால் அதே அண்ணல், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஆயுதம் வைத்திருப்பதை எல்லாக் குடிமக்களுக்கும் அடிப்படை உரிமையாக்கக் கேட்டபோது மறுத்தார். அப்படி நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் தீங்கு செய்பவன் கையிலும் அந்த உரிமை போகும், அரசு அவனிடம் பிடுங்க முடியாது என்பது அவர் வாதம். முரண்பாடு இல்லை. எல்லோருக்கும் துப்பாக்கி என்று சட்டம் சொன்னால் அது யார் பரணுக்குப் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். 1927இல் மகாத்தில் குளத்துத் தண்ணீரைத் தொட்டதற்காக நம் மக்களை அடித்தார்கள். திருப்பி அடிக்கத் தயாராகப் பட்டாளத்து மகர்கள் நின்றார்கள். அண்ணல் தடுத்தார். வழக்குப் போட்டார். அடித்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். தைரியம் இல்லாமல் தடுத்தவர் அல்ல அவர்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2024 ஜூலை 5இல் பெரம்பூரில் வழக்கறிஞர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. தேர்தலுக்கு ஒப்படைத்து ஜூனில் திரும்பப் பெற்றிருந்தார். அது அவரைக் காப்பாற்றவில்லை. தனி ஆளின் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி ஒரு கும்பலின் முன் என்ன செய்யும்? தனித்துக் கிடக்கும் பத்து குடிசையில் ஒரு குடிசைக்கு உரிமம் கொடுத்தால் நாளைக்கே 'சேரியில் ஆயுதக் குவியல்' என்று எஃப்.ஐ.ஆர். எழுதுவார்கள். அதனால் விதி தருகிற உரிமையை நாம் விட்டுக்கொடுக்கவில்லை, கேட்கிறவர் கேட்கலாம். ஆனால் நம் முதல் கோரிக்கை அது அல்ல. அவனிடம் இருப்பதை எடு. எங்களுக்குக் கொடுப்பதைப் பிறகு பேசுவோம்.

2024 செப்டம்பர் 18இல் பீகார் நவாதா மாவட்டத்தில் கிருஷ்ணா நகர் மகாதலித் குடியிருப்பைக் கொளுத்தினார்கள். துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே வந்து கொளுத்தினார்கள். நிலத் தகராறு. முதன்மைக் குற்றவாளியாகப் பிடிபட்டவர் பஸ்வான், அவரும் தலித் சாதி. இதை மறைத்துப் பேச நமக்கு என்ன வந்தது? நிலத்தரகனாகிவிட்டவன் கையில் துப்பாக்கி கிடைத்தால் அவன் முஷாகரைச் சுடுவான். விதி மூன்று தலித் அல்லாதவர்களின் உரிமத்தைப் பற்றித்தான் பேசுகிறது. சட்டவிரோதத் துப்பாக்கியைப் பறிப்பதற்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. கடைக்கோடி மனுசனின் குடிசை பக்கத்திலிருந்து பார்த்தால் துப்பாக்கி வைத்திருப்பவன்தான் ஆதிக்கச் சாதி.

ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் நம் ஊர்களில் 'அமைதிக் குழு' கூட்டுகிறார்கள். ஆர்.டி.ஓ. நடுவில் உட்காருவார். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். வெட்டியவன் ஒரு தரப்பு, வெட்டுப்பட்டவன் ஒரு தரப்பு. டீ, பிஸ்கட் வரும். "ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்கப்பா" என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. போடுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "ஐயா, இந்த ஊர்ல யார் யாருகிட்ட துப்பாக்கி லைசன்ஸ் இருக்கு? அதை எப்ப வாங்கி வைப்பீங்க?" ஆர்.டி.ஓ. முகத்தைப் பாருங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். உங்கள் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். விதி மூன்றின்படி இந்த மாவட்டத்தில் எந்தெந்த ஊர்கள் வன்கொடுமைக்கு வாய்ப்புள்ள பகுதியாகக் கண்டறியப்பட்டுள்ளன? அந்த ஊர்களில் நடப்பில் உள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை? 1995க்குப் பிறகு அந்த விதியின் கீழ் எத்தனை உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன? கடந்த தேர்தலின்போது அதே ஊர்களில் எத்தனை துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன? உரிமம் வைத்திருப்பவர் பெயரைக் கேட்டால் அந்தரங்கம் என்று தட்டிக் கழிப்பார்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள், எண்ணிக்கைக்கு அந்தரங்கம் கிடையாது. 2015 திருத்தத்தில் சாட்சிகளின் பாதுகாப்புக்கென்று பிரிவு 15ஏ வந்திருக்கிறது. நிலுவையில் உள்ள வழக்குகளில் எத்தனை சாட்சிகளுக்கு அதன்படி பாதுகாப்புக் கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வந்தாலும், 'தகவல் இல்லை' என்று வந்தாலும், நகலை நமது இதழின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். மாவட்ட வாரியாக வெளியிடுவோம்.